கொழுப்பு மாத்திரையால் கால் மரத்துப்போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, பி.ஃபார்ம் படித்தவன். கொழுப்பு மாத்திரை வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளுக்குக் கடையில் நின்றபடி இரண்டு வார்த்தையில்தான் பதில் சொல்ல முடிகிறது, பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் அவற்றைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். இது உங்கள் டாக்டர் சொல்வதற்கு மாற்று கிடையாது, அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவினால் போதும்.

கொழுப்பு மாத்திரை என்றால் எது? நான் அதைச் சாப்பிடுகிறேனா என்றே தெரியவில்லையே?

பெரும்பாலும் ஸ்டாட்டின் வகைதான். அட்டையின் பின்பக்கம் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும்: அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சில பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பிட்டாவாஸ்டாட்டின். கடைசியில் 'ஸ்டாட்டின்' என்று முடிந்தால் இந்தக் குடும்பம்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்களில் பல பேர் 'ரத்தம் உறையாமல் இருக்க ஒரு கேப்சூல்' என்று சொல்லி வாங்குகிற கேப்சூலுக்குள்ளேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்திருக்கும். இது தெரியாமல் இன்னொரு டாக்டர் எழுதிய தனி ஸ்டாட்டினையும் சேர்த்துப் போடுகிறவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஆனால் ஒரு சீட்டு வேலூரில் எழுதியதாக இருக்கும், இன்னொன்று மகன் வீட்டுக்கு சென்னை போனபோது எழுதியதாக இருக்கும். அப்புறம், அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை, ஆறு மாத்திரை என்று வாங்கும்போது பெயர் இருக்கிற பக்கம் கடையிலேயே நின்றுவிடும். பெயர் இருக்கிற பக்கத்தை கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பைக் குறைக்கிற மருந்துக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கிற ஒரு பொருளை ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். அங்கேதான் இந்த மருந்துக் குடும்பம் தொடங்குகிறது. முதல் ஸ்டாட்டினாக லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது. கொலஸ்ட்ரால் தயாரிப்பில் முக்கியமான ஒரு நொதியை மருந்து மடக்கிவிடும், கல்லீரல் தனக்குத் தேவையானதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு இறங்கும். கதை இவ்வளவுதான்.

நரம்பு எங்கே வருகிறது என்றால், நரம்புக்கு மேலே ஒரு உறை இருக்கிறது, மயலின் என்பார்கள். மின்சார ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் இருப்பது போல. அந்த உறையில் கொலஸ்ட்ரால் நிறைய. தவிர, அதே நொதிப் பாதையில்தான் கோஎன்சைம் க்யூ10 என்கிற பொருளும் உருவாகிறது, செல்லுக்கு சக்தி கிடைக்க அது வேண்டும், ஸ்டாட்டின் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. ஆகவே நரம்புக்கும் கெடுதல் வரலாமே என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஓடுவதை வாங்குவதில்லை. ரத்தத்தில் கொழுப்பு குறைந்தால் நரம்பு பட்டினி கிடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவது அவ்வளவு நேரான கணக்கு இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நரம்பு பாதிக்குமா பாதிக்காதா?

மிக அரிதாகப் பாதிக்கலாம், உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. இந்த பதில் யாருக்கும் பிடிக்காது என்று தெரியும்.

பயம் பெரிதாகக் கிளம்பியது 2002இல். டென்மார்க்கில், காரணம் புரியாமல் கை கால் நரம்பு பாதிக்கப்பட்ட 166 பேரை எடுத்து, நலமாக இருக்கிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு சுமார் 4 மடங்கு அதிகம், நோய் உறுதியானவர்களை மட்டும் எடுத்தால் 14 மடங்கு என்று வந்தது. இணையத்தில் தேடினால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பது இந்த 14தான். பல மடங்கு என்றதும் மனசு பதறும், ஆனால் அந்தக் காரணம் தெரியாத நோயே ரொம்ப அரிது, அரிதானதை 14ஆல் பெருக்கினாலும் அரிதாகவே இருக்கும். அதோடு, உறுதியான நோயாளிகள் என்று அவர்கள் பிரித்த கூட்டம் சின்னது.

பிறகு அதே டென்மார்க்கில் 1999 முதல் 2013 வரையிலான நோயாளிகளை வைத்து மறுபடியும் பார்த்து, 2017இல் வெளியிட்டார்கள். இந்தத் தடவை தொடர்பு தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டில் என்ற ஊரில் சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது, அதில் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறைவாகவே வந்திருந்தது. 2014இல் வந்த இன்னொரு டென்மார்க் ஆய்விலும் அப்படித்தான், சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு நரம்புச் சிக்கல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இவையெல்லாம் கவனித்துப் பார்த்த ஆய்வுகள், மருந்தைக் கொடுத்து, கொடுக்காமல் சோதித்தவை அல்ல. அதனால் மாத்திரை நரம்பைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கால் மரத்துப்போனவுடன் முதல் குற்றவாளியாக இதைப் பிடித்து உள்ளே தள்ளுவதும் சரியில்லை.

மருந்தோடு வருகிற தாளில் நரம்புப் பாதிப்பு என்று அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். உண்மைதான், அரிதான பக்கவிளைவுகள் வரிசையில் இருக்கும். சில தனி மனிதர்களுக்கு மாத்திரையை நிறுத்தியதும் குறைந்து, திரும்பத் தொடங்கியதும் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஆகவே 'இதெல்லாம் உங்க மனப்பிரமை' என்று கையை வீசி அனுப்புகிற டாக்டரோடும் எனக்கு ஒப்புதல் இல்லை.

அப்படியென்றால் என் கால் ஏன் மரத்துப்போகிறது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது இந்த பதிலைத்தான்.

கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார்? ஐம்பது வயது தாண்டியவர்கள், பல பேருக்குச் சர்க்கரையும் இருக்கும். கால் மரத்துப்போகிறவர்களும் அதே ஆட்கள்தான். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்று இன்னொன்றைக் கொண்டுவந்ததாகத் தோன்றுகிறது. ஒரு அம்மா வந்து, "தம்பி, ராத்திரியானா பாதம் ரெண்டும் திகுதிகுன்னு எரியுது, இந்த கொழுப்பு மாத்திரையாலதான்னு பக்கத்து வூட்டு பொண்ணு போன்ல பாத்து சொல்லுச்சு" என்றார். "சுகர் எவ்ளோ நாளாம்மா இருக்கு?" என்றேன். "அது கெடக்குது பத்து வருசமா." அது கிடக்கவில்லை, அதுதான் எரிகிறது.

சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு கால் விரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் சமமாக, சாக்ஸ் போட்ட மாதிரி மெல்ல மேலே ஏறும். மதமதப்பு, எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது, பஞ்சு மேல் நடப்பது போல் இருப்பது, எல்லாம் இதில் சேர்த்தி. காட்பாடியிலிருந்து வருகிற ஒரு பெரியவர் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு கடைப்படி ஏறினார். கூட வந்த பேரன்தான் "தாத்தா, இன்னொரு செருப்பு இன்னா ஆச்சு?" என்றான். பஸ்ஸில் கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. செருப்பு நழுவுவது தெரியவில்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பாதத்தைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது ஆள், பலரும் சந்தேகப்படாத ஆள், சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மெட்ஃபார்மின். நல்ல மருந்து, ஆனால் வருஷக்கணக்காகச் சாப்பிட்டால் குடலில் பி12 சத்து உறிஞ்சப்படுவது குறையும், பி12 குறைந்தால் கால் மரக்கும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு மரத்துப்போதல் இருந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. கூடவே தினமும் காலையில் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' என்று பான்டோப்ரசோல் போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதுவும் பி12ஐக் குறைக்கும். 'நான் சைவம் இல்லையே, வாரா வாரம் ஆம்பூர் பிரியாணி சாப்பிடுகிறேனே' என்பார்கள். தட்டிலிருந்து வயிற்றுக்குள் போவது வேறு, உடம்பில் சேர்வது வேறு.

தைராய்டு குறைவாகச் சுரப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அது கொழுப்பையும் ஏற்றும், தசை வலியையும் தரும், கை கால் மரத்துப்போகவும் வைக்கும். தைராய்டைப் பார்க்காமலே கொழுப்பு மாத்திரையைத் தொடங்கி, பிறகு வலி வந்ததும் மாத்திரையைக் குறை சொல்வது நடக்கிறது. ஸ்டாட்டினால் தசைக்கு வரும் தொந்தரவும் தைராய்டு குறைவாக இருப்பவர்களுக்கு அதிகம்.

மது, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் இவையும் நரம்பைத் தொடும். எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று தோல், ஷூ தொழிலில் இருக்கிறவர்கள் அதிகம். ஷூ ஒட்டுகிற சில பசைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கும், காற்றோட்டம் இல்லாத அறையில் அதை நாளெல்லாம் சுவாசித்தால் கை கால் நரம்பு கெடும், இது பல நாடுகளில் ஷூ தொழிலாளர்களிடம் நன்றாகப் பதிவான விஷயம். பசை வேலை செய்கிறவர் டாக்டரிடம் போனால் 'கம்பெனி வேலை' என்று மட்டும் சொல்லாமல் என்ன வேலை என்று சொல்ல வேண்டும்.

ஒரு கால் மட்டும், இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தால் அது முதுகுத்தண்டு விவகாரம். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் பலர் ராத்திரி கை விரல் மரத்து எழுந்து உதறுவதாகச் சொல்வார்கள், அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. தோலில் வெளிறிய தேமல் இருந்து அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், முழுசாகக் குணமாகும்.

தசை வலியும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஸ்டாட்டினால் வருகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது தசைத் தொந்தரவுதான். தொடை, இடுப்பு, தோள் என்று பெரிய தசைகளில், இரண்டு பக்கமும் வலிக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது, பஸ் படி ஏறும்போது தொடை கெஞ்சும். மரத்துப்போதல் இருக்காது. பெரும்பாலும் தொடங்கிய சில வாரம், சில மாதத்துக்குள் வரும், நிறுத்தினால் சில வாரத்தில் போகும். சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் தசை சேதம் தெரியும். நரம்புத் தொந்தரவு என்றால் விரல் நுனியில் தொடங்கும், ராத்திரி கூடும், சி.கே. சாதாரணமாக இருக்கும்.

இதிலும் அளவு முக்கியம். பல பெரிய சோதனைகளின் விவரங்களைச் சேர்த்து 2022இல் வெளியான கணக்குப்படி, முதல் வருஷத்தில் ஸ்டாட்டினால் கூடுதலாக வந்த தசைப் புகார் ஆயிரம் பேரில் சுமார் 11. வலி என்று சொன்னவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வலி மாத்திரையால் வந்ததில்லை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே வலி இருந்தது.

வலியோடு சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது, அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு ஸ்டாட்டினை இதனால்தான் 2001இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

நாலு நாள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

நாலு நாளில் ஒன்றும் தெரியாது. நரம்பு மெதுவாகத்தான் தேறும், உண்மையிலேயே மாத்திரைதான் காரணம் என்றாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். நாலு நாளில் எரிச்சல் குறைந்தால் அது வேறு எதனாலோ குறைந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள், 2020இல் முடிவு வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை எடுத்தார்கள். ஆளுக்கு 12 பாட்டில், மாதம் ஒன்று. நாலில் ஸ்டாட்டின், நாலில் மருந்தே இல்லாத பொய் மாத்திரை, நாலு காலி. எது எது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது, காலி பாட்டிலைத் தவிர. தினமும் தொந்தரவுக்கு மார்க் போடச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, பொய் மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது தொந்தரவு நிஜம், வலித்தது நிஜம், ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு 'மாத்திரை போடுகிறோம்' என்பதிலிருந்தே வந்தது. முடிவைக் காட்டிய பிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கினார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, 'என்னைப் பொய் சொல்றேன்றியா' என்று. இல்லை, நிஜமாகவே வலிக்கிறது, காரணம் மட்டும் வேறு.

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் தானாக நிறுத்துவது விஷப்பரீட்சை. எல்.டி.எல்.லை சுமார் 39 மி.கி. குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சம்பவங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் பார்த்துச் சொன்னது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குத் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், 2023 முதல், முதலில் கொடுத்து அனுப்புகிற மாத்திரைகளில் அடோர்வாஸ்டாட்டினும் இருக்கிறது என்றால் இதன் இடம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதயத்தில் எந்தத் தொந்தரவும் வராமல், கொழுப்பு மட்டும் லேசாக ஏறி மாத்திரை தொடங்கியவர் நிலைமை வேறு, அவருக்கு டாக்டரோடு பேசி சில வாரம் இடைவெளி விட்டுப் பார்க்க இடம் இருக்கிறது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவர் காது கொடுத்துக் கேட்பதே இல்லை.

'நரம்பு வீக்கா இருக்கு' என்று சொன்னால் அவர் சத்து மாத்திரை எழுதித்தான் அனுப்புவார், அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கே தொடங்கியது, இரண்டு காலிலுமா, ராத்திரியா பகலா, மாத்திரை தொடங்கி எத்தனை மாதம் கழித்து, இதை ஒரு தாளில் எழுதி, சாப்பிடுகிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு மேஜை மேல் கொட்டுங்கள். பிறகு கேளுங்கள்: மூன்று மாத சராசரி சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், வலி இருந்தால் சி.கே. பார்க்கலாமா என்று. பாதத்தை நைலான் இழையால் தொட்டும் இசைக்கவையை வைத்தும் பார்க்கச் சொல்லலாம், ஐந்து நிமிஷ வேலை. சந்தேகம் தீரவில்லையென்றால் நரம்பில் மின்சாரம் ஓடுகிற வேகத்தைப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. அதற்கு சென்னை ஓட வேண்டியதில்லை, 1949லேயே நரம்பியல் துறை தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இருக்கிற ஊர் இது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை, மாத்திரைமேல்தான் சந்தேகம் என்றால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், ரோசுவாஸ்டாட்டினை ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுக்கலாம், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்தைச் சேர்த்து ஸ்டாட்டினைக் குறைக்கலாம். பெம்பெடோயிக் அமிலம் என்று ஒன்று வந்திருக்கிறது, அது கல்லீரலில்தான் வேலை செய்யத் தொடங்கும், தசையில் செய்யாது. ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும், கீல்வாதம் இருப்பவர்கள் சொல்லிவிட வேண்டும். ஊசி வகைகளும் உண்டு, விலை கேட்டால் தலை சுற்றும். ஒன்று நினைவில் வையுங்கள்: ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். ஆகவே அளவைப் பாதியாக்கினால் எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டாம்.

நரம்பு ஊசி, நரம்பு மாத்திரை போட்டுக்கொண்டே கொழுப்பு மாத்திரையைத் தொடரலாமா?

கடைக்காரனாக இதைச் சொல்வது எனக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன். 'நரம்பு ஊசி' என்பது பெரும்பாலும் பி12. பி12 குறைவாக இருந்தால் அது அருமையான மருந்து, குறைவு இல்லையென்றால் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் ஊசி போடுங்கள், ஊசிக்குப் பிறகு பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும், உண்மை நிலை கடைசிவரை தெரியாது.

நரம்பு மாத்திரைகளில் பி6 சேர்த்திருப்பார்கள். இரண்டு மூன்று கம்பெனி மாத்திரைகளை வருஷக்கணக்காகச் சேர்த்துப் போட்டால் பி6 அதிகமாகி அதுவே கால் மரத்துப்போக வைக்கும். வேடிக்கை இல்லை, நிஜம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். நரம்பு வலிக்கு எழுதும் பிரகாபலின் எரிச்சலை அடக்கும், காரணத்தைத் தீர்க்காது. தலைசுற்றல், கால் வீக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம். கோஎன்சைம் க்யூ10 பற்றி நிறையக் கேட்கிறார்கள். சோதனைகளில் உறுதியான பலன் காட்டவில்லை, விலையோ கூட.

மறதி வருமா? சர்க்கரை வருமா?

மறதி, குழப்பம் சிலருக்கு வந்து நிறுத்தியதும் போனதாக அமெரிக்காவில் 2012இல் மருந்துத்தாளில் சேர்த்தார்கள். நிரந்தர மறதி நோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சர்க்கரை கொஞ்சம் ஏறும், இது உண்மை. 255 பேர் 4 வருஷம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும் என்று 2010இல் கணக்கிட்டார்கள். ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும்.

மாத்திரை வேண்டாம், இயற்கையாகக் குறைக்கிறேன். சிவப்பு ஈஸ்ட் அரிசி நல்லதாமே?

அதில் இருக்கிற மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டினும் ஒரே பொருள். மூலிகை என்று நினைத்து ஸ்டாட்டினைத்தான் சாப்பிடுகிறீர்கள், அதுவும் எத்தனை மி.கி. என்று தெரியாமல். வெந்தயமும் ஓட்ஸும் நல்லது, எல்.டி.எல். 190 இருக்கிறவருக்குப் போதாது.

வேறு எந்த மருந்தோடு சேரக்கூடாது?

தொண்டை, நெஞ்சுச் சளிக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு எழுதும் இட்ராகோனசோல். இந்த இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் படர்தாமரை வராத வீடு இல்லை, சீட்டு இல்லாமலே வந்து கேட்கிறார்கள். இட்ராகோனசோல் அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும், தசை சேதம் அப்படித்தான் வருகிறது. தோல் டாக்டரிடம் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது. கிரேப்ஃப்ரூட், நம்மூர் பப்ளிமாஸ் இரண்டையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கால் ஏற்கெனவே மரத்துவிட்டது. கோயிலுக்குச் செருப்பில்லாமல் போகலாமா?

கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்தரையில் சித்திரை மாதம் மத்தியானம் நின்று பாருங்கள், உணர்ச்சி இருக்கிறவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவார். உணர்ச்சி இல்லாதவர் பொறுமையாக வரிசையில் நிற்பார், வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து புண்ணுக்கு மருந்து கேட்பவர்களும் உண்டு. போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வெயில் இறங்கிய பிறகு போங்கள், கெட்டியான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் பாதத்தின் அடியை ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தை உலகத்துக்குச் சொன்னதே எங்கள் ஊர்தான். 1946இல் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயாளிகளின் விரல் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டுத்தான் போகிறது என்று நோயாளிகளோடு இருந்து கவனித்துச் சொன்னார். 1955இல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியில் அந்தப் பாதங்களுக்கென்று செருப்பு செய்தார்கள். அந்த எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பைத்தான் இன்றைக்கு சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்கள். மெத்தென்று இருக்கும், பின்வார் வைத்து வாங்கினால் நழுவாது.

எப்போது தாமதிக்கக்கூடாது?

ஒரு பக்கம் கை, கால், முகம் திடீரென்று மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ 108. அது பக்கவாதம், மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசலாம். மரத்துப்போதல் கால்களிலிருந்து சில நாட்களில் வேகமாக மேலே ஏறி நடக்க முடியாமல் போனாலும், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலும் அப்படியே. கண் இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, விழுங்க முடியாதது இவை மயஸ்தீனியா என்ற நோயின் அடையாளங்கள், ஸ்டாட்டின் மிக அரிதாக அந்த நோயைக் கிளப்பலாம் என்று ஐரோப்பாவில் 2023இல் எச்சரிக்கை சேர்த்தார்கள், அதையும் உடனே காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று, மாத்திரையை ராத்திரிதான் போட வேண்டுமா?

சிம்வாஸ்டாட்டின் ராத்திரி. அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், எந்த நேரம் மறக்காமல் இருப்பீர்களோ அந்த நேரம். ஒருவேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.